கோரை முளைக்காத மூலை

டெய்லர் மகளுக்குக் கீரை பறித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆய்வுக்கூடத்துப் பெண் வந்தாள். தோளில் நீளமான இரும்புக் குழாய். நகரத்தின் பொதுத் தோட்டங்களில் எல்லாம் மண் எடுக்கிறார்களாம், வழக்கமான சோதனைதானாம். இந்தத் தோட்டத்தைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்றாள். அங்கிருந்தவர்கள் எல்லோரும் டெய்லரைக் கைகாட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அவர் ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தோட்டத்தின் வரலாறு டெய்லரின் சொத்து. வீட்டில் ஒருத்தரும் காது கொடுப்பதில்லை என்பதால் இங்கே வந்து சொல்வதாக அவரே ஒப்புக்கொள்வார். அடுக்குமாடிகளுக்கு நடுவே மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டிய குப்பைமேடு. தெருவே கூடி அதை அள்ளியது. லாரி லாரியாக நல்ல மண் கொட்டிப் பாத்தி பிரித்தார்கள், குலுக்கல் போட்டார்கள். டெய்லருக்கு விழுந்தது சுவரோரத்து மூலை. தொங்கிப்போன முகம் முதல் மழைக்குப் பிறகு நிமிர்ந்தது. மற்ற பாத்திகளில் புது மண்ணைத் துளைத்துக்கொண்டு கோரை கிளம்பியது. மேலே பிடுங்கப் பிடுங்க, அடியில் கிழங்கு சிரித்தது. பக்கத்துப் பாத்தி லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே முதுகுவலி. டெய்லரின் மூலையில் மட்டும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. என்னைக் கண்டால் கோரைக்குப் பயம் என்பார் டெய்லர். வீட்டில்தான் யாரும் பயப்படவில்லை, இங்கேயாவது பயப்படட்டும் என்பார் மெக்கானிக்.

களை பிடுங்காமல் மிச்சமான நேரமெல்லாம் கீரைக்குப் போனது. மகள் உண்டானதிலிருந்து வாரம் தவறாமல் ஒரு கட்டு. இப்போது ஏழாம் மாதம். குழந்தை பச்சையாகத்தான் பிறக்கப்போகிறது என்று அவள் சொன்னதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தார்.

வரலாற்றைக் கேட்ட ஆய்வுக்கூடத்துப் பெண் சிரிக்கவேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“குப்பைக்கு முன்னாடி இங்க என்ன சார் இருந்துச்சு?”

இதுவரை யாரும் கேட்டதில்லை. வரலாறு எப்போதும் குப்பையிலிருந்துதான் தொடங்கும்.

பேட்டரிக் கடை என்றார் டெய்லர். தகரக் கொட்டகை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவார்கள். கடைக்காரர் அடிக்கடி பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு ஒட்டுப்போட வருவார். முழங்காலைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஓட்டை. வீட்டில் எலி வளர்க்கிறீர்களா, பேண்ட்டுக்குள்ளேயே வளர்க்கிறீர்களா என்று கேட்டதற்கு, ஆசிட் தெறித்தது என்றார். மிச்ச ஆசிட்டை என்ன செய்வீர்கள் என்றும் டெய்லர் கேட்டிருந்தார். சுவரோரமாக ஊற்றிவிடுவோம் என்றார் அவர். ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் மறந்துபோன பேச்சு. இத்தனை வருஷம் எங்கே கிடந்ததோ, இப்போது அட்சரம் பிசகாமல் எழுந்து வந்தது.

அவள் பாத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“உங்களதுல மட்டும் ஏன் கோரை இல்ல?”

அதற்கு டெய்லரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. தெருவே சிரித்த பதில். அது வாய்வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

குழாயை இறக்கி, திருகி, வெளியே எடுத்தாள். மேலே லாரி மண், ஒரு சாண்கூட இல்லை. அதற்குக் கீழே கறுப்பு, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்டியதுபோல். அந்தக் கோட்டைத் தாண்டிக் கறுப்புக்குள் இறங்கியிருந்தது ஒரு கீரை வேர், வெள்ளை நூலாக.

முடிவு வரும்வரை இதிலிருந்து எதையும் சாப்பிட வேண்டாம், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளும் கர்ப்பமாக இருப்பவர்களும் என்று ரயில் அறிவிப்புபோல ஒப்பித்தவள், அவர் கையிலிருந்த கட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“யாருக்கு சார் அது?”

மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போனார். கீரையில் பூச்சி விழுந்துவிட்டது என்றார். கோரையே பயப்படும் இடத்தில் பூச்சிக்கு அவ்வளவு தைரியமா என்று மகள் சிரித்தாள். போன வாரத்துக் கட்டில் பாதி மிச்சம் இருக்கிறது, அதைப் போட்டுச் சமாளித்துக்கொள்கிறேன் என்றாள். அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து அதை எடுத்துப் பையில் திணித்தார். வாடிவிட்டது என்றார். அது வாடவே இல்லை. இலை ஒவ்வொன்றும் விறைப்பாக, கரும்பச்சையாக இருந்தது.

“டாக்டர்கிட்ட நாளைக்கே போவோம்மா. ரத்தம் டெஸ்ட் பண்ணணும். நானும் வர்றேன்.”

“நீங்களா? ஊசியைத் தூரத்துல பார்த்தாலே மயங்கி விழுவீங்க. டெய்லர்னு வெளிய சொல்லாதீங்கப்பா.”

அவர் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது. கை தானாக வயிற்றின்மேல் போனது.

“என்னப்பா?”

அவர் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அவர் மயங்கவில்லை. அங்கிருந்து நேராகத் தோட்டத்துக்கு வந்து, மெக்கானிக்கிடம் கிழங்கோடு ஒரு கோரை கேட்டார். கிண்டல் என்று நினைத்து மெக்கானிக் ஒரு கைப்பிடி நீட்டினார். டெய்லர் தன் மூலையில் லாரி மண்ணை ஒதுக்கி, கறுப்பு தெரியும்வரை தோண்டி, கிழங்கை அதற்குள் வைத்து மூடினார். மெக்கானிக் கையிலிருந்த மிச்சக் கோரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பிறகு தினமும் காலையில் தோட்டத்துப் பூட்டைத் திறப்பவர் டெய்லர்தான். இரண்டு முடிவுகளும் இன்னும் வரவில்லை. கழுத்தில் தொங்கும் அளவுநாடா மண்ணில் புரள, கோரைக்கு முன்னால் குந்தி உட்காருகிறார். நுனி மஞ்சளாகிவிட்டதா, வெயில்தான் அப்படிக் காட்டுகிறதா என்று தெரியவில்லை. கையைக் குவித்து அதற்கு நிழல் பிடித்துக்கொள்கிறார்.

“பொழைச்சுக்கோடா” என்கிறார்.