கதவோரத்து அரிசி

இந்தக் காலத்தில் எவனையும் நம்புவதற்கில்லை என்பது எலியாஸின் தீர்மானம். யுத்தம் வந்தாலும் வந்தது, எதிரே சிரிக்கிறவன் திரும்பியதும் மொட்டைப் பெட்டிஷன் போடுகிறான். ஒருத்தன் சும்மா ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால்கூட ஏன் கொடுத்தான் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியிருக்க, பக்கத்து வீட்டு ஹுசைனாவின் கதவோரத்தில் விடிந்தால் சின்னதாய் ஓர் அரிசி மூட்டை!

"யாரோ நல்ல மனுசன் வெச்சிட்டுப் போறாரு, நைனா," என்றாள் அவள். நிறைமாத வயிறு.

"நல்ல மனுசன் எதுக்கு ஒளிஞ்சிகினு வர்றான்?"

"பின்ன, தமுக்கு அடிச்சிகினா வருவாரு?"

அவள் புருஷன் நஜீர் அகமது லாரி மெக்கானிக். இன்ஸ்பெக்டர் தயவில் ரேஷன் அரிசியைக் கள்ளத்தனமாக நகரிப் பக்கம் கொண்டுபோன லாரி அவனிடம் பழுதுக்கு வந்தது. பார்த்ததை டீக்கடையில் சொன்னான். மறுநாளே அவன் ஜப்பான்காரனின் உளவாளி ஆகிவிட்டான், வேலூர் ஜெயில். இப்போது அவள் வீட்டில் கார்டுக்கு மேல் அரிசி அகப்பட்டால் பதுக்கல் கேசு. பிள்ளையை ஜெயிலில்தான் பெறவேண்டும். அவளோ, வந்த அரிசியில் பாதியைப் பிரசவத்துக்கென்று சேர்த்தே வைத்திருந்தாள். சரக்கைப் போலீஸே வைத்துவிட்டுப் பிடிக்கும் வித்தை எலியாஸுக்குப் புதிதல்ல. அவரும் ஒரு காலத்தில் கான்ஸ்டபிளாக இருந்தவர்தான்.

அன்றைய மூட்டையை வாங்கிப் பார்த்தார். வாயில் முடிச்சே இல்லை. ஒரு துணிப்பட்டையை அடுக்கடுக்காகச் சுற்றி ஏற்றி, நுனியை உள்ளே செருகியிருந்தது. போலீஸ்காரன் காலில் காக்கிப் பட்டி சுற்றுகிற சுற்று. கை பழகிவிட்டால் எதைக் கட்டினாலும் அப்படித்தான் வரும். ஆனால் இது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இடதுகைக்காரன்.

ஸ்டேஷனில் இடதுகைக்காரன் ஒருவன்தான், துரைக்கண்ணு. நஜீருக்கு விலங்கு மாட்டியவனே அவன்.

சரவணப் பொய்கைப் படியில் காவடிக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தவனை எலியாஸ் பிடித்தார்.

"ஏன்டா, அரிசி யாரு குட்த்தனுப்பறது? இன்ஸ்பெக்டரா?"

துரைக்கண்ணுவின் முகம் செத்துப்போயிற்று. "மெதுவா பேசுங்க, பெரியவரே. எங்க வூட்டு அரிசி. எம் பொண்டாட்டி ஒரு வேளை கொறச்சிகினு எடுத்து வெக்கிறா."

"எதுக்கு?"

"அன்னைக்கு வெலங்கு மாட்டச்சொல்லோ அந்தப் பொண்ணு அழல, கத்தல. 'காலைலருந்து அவரு ஒண்ணும் சாப்படல, வழியில எதுனா வாங்கிக் குடுங்கண்ணா'ன்னுச்சு. என்னைப் போயி அண்ணான்னுச்சு."

"நல்லா கதை வுடறே."

"கதையாவே இருக்கட்டும். எவனோ வத்தி வெச்சிட்டான். மத்தியானம் சோதனைக்கு வராங்க. இருக்கறத எடுத்துடுங்க."

எலியாஸ் ஓடாத குறையாக வீடு வந்து சேர்ந்தார். வலை தமக்கே விரித்ததோ என்றும் தோன்றியது. இருக்கட்டும், பிள்ளைத்தாய்ச்சியைப் பிடிப்பதற்குப் பதில் கிழவனைப் பிடித்துப்போகட்டும். அவளிடமிருந்த அரிசியை எல்லாம் தம் பானையில் கொட்டி மூடினார்.

ஜீப் வந்தது. ஹுசைனாவின் பாய், பெட்டி எல்லாம் வாசலுக்கு வந்தன. ஒன்றும் அகப்படாத எரிச்சலில் இன்ஸ்பெக்டர், "பக்கத்து வூட்டையும் பாருய்யா," என்றார்.

துரைக்கண்ணுதான் உள்ளே வந்தான். பானை மூடியைத் தூக்கினான். கழுத்துவரை அரிசி. எலியாஸ் அவன் கண்ணையே பார்த்தார். அவன் அரிசியைத்தான் பார்த்தான். பிறகு ஓசைப்படாமல் மூடினான்.

"தண்ணிப் பானைங்கய்யா!"

ஜீப் போன பிறகுதான் ஹுசைனா அழுதாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி. எலியாஸுக்குத் தேற்றத் தெரியாது. அரிசியை முறத்தில் அள்ளிவந்து அவள் முன் வைத்தார்.

"இத ஒலை வெய்யி. வயிறு ரொம்பத் துண்ணு."

"பாத்தீங்களா நைனா? அந்த அண்ணன் காப்பாத்திட்டாரு."

"ஒரு தபா மூடி வெச்சான். அதுக்குள்ள அண்ணனா?"

"உங்களுக்கு யாருதான் நல்லவங்க?"

எலியாஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"இன்னைக்கு மூடுனவன் நாளைக்குத் தெறக்க மாட்டான்னு எவன் கண்டான்," என்று முணுமுணுத்தபடியே நடந்து போனார்.