பத்தி ஒன்று மறுக்கப்படுகிறது

வக்கீல் ஆபீசில் எனக்கு ‘மறுப்பு’ என்று பெயர். அப்பா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நோட்டீசுகளுக்குப் பதில் நோட்டீஸ் டைப் அடித்து வருகிறேன். எதிராளி ஒரு வார்த்தை சொன்னால் திருப்பிச் சொல்ல என்னிடம் ஒரு நோட்டு நிறைய வார்த்தைகள் உண்டு. மறுக்கிறோம், வன்மையாக மறுக்கிறோம், அடியோடு நிராகரிக்கிறோம், ஆட்சேபிக்கிறோம், எதிர்கொள்வோம், முறியடிப்போம். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று எதிராளி எழுதியிருந்தாலும், ‘உண்மைக்குப் புறம்பானது, தக்க சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டியது’ என்று அடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன். வீட்டில் மனைவி “குறட்டை விட்டீங்க” என்றால்கூட முதலில் மறுப்பு, அப்புறம்தான் யோசனை.

அப்படிப்பட்டவனுக்கே ஒருநாள் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவள் என் தங்கை. பெற்றோர் விட்டுப்போன வீட்டுக்காக இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை.

நான்கே பத்திகள். ஒன்று: அவள் என்னுடன் பிறந்த ஒரே தங்கை. இரண்டு: பெற்றோர் போன பிறகு நானே அவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் கூட்டிப்போனேன். மூன்று: வீட்டில் பாதி அவளுடையது. நான்கு: போன வருஷம் அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோது கடைசி நிமிஷம்வரை என்னை எதிர்பார்த்தாள், நான் போகவில்லை.

எனக்கே நோட்டீசா என்று கை துடித்தது. பதினோரு நிமிஷம்தான். பத்தி ஒன்று, மறுக்கப்படுகிறது. பத்தி இரண்டு, கட்டுக்கதை. மூன்று, நான்கு, அடியோடு நிராகரிக்கப்படுகின்றன. வக்கீல் சார் வழக்கம்போலப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலில் போனது.

மூன்றாம் நாள், அவள் கையெழுத்திட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அன்று மாலை கை கழுவும்போதுதான் பார்த்தேன், இடது முழங்கைக்குக் கீழே தழும்பைக் காணோம்.

நான்கு பல் தழும்பு. அவளுக்கு நாலு வயதிருக்கும்போது, பென்சில் தரமாட்டேன் என்றதற்குக் கடித்தது. நாற்பது வருஷமாக அரைக்கைச் சட்டைக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது அந்த இடம் குழந்தைத் தோல் மாதிரி வழவழவென்றிருந்தது.

“இங்கே ஒரு தழும்பு இருந்துச்சே?”

“எந்தத் தழும்பு?” என்றாள் மனைவி. அவள் விளையாட்டுக்குப் பேசுகிற முகம் எனக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

நானும் அவளும் சேர்ந்து எடுத்து, கூடத்தில் மாட்டியிருக்கும் பழைய போட்டோவைப் போய்ப் பார்த்தேன். அதில் பதினாலு வயது நான், கால்சட்டையோடு நிற்கிறேன். பக்கத்தில் யாருமில்லை. ஆனால் என் வலது கை மட்டும் ஒரு சின்னப் பிள்ளையின் தோள் உயரத்தில், விரல்களை வளைத்து, காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“இது எப்பவுமே இப்படித்தானா?”

“உங்களுக்கு அப்பவே கை ஒரு மாதிரிதானே” என்றாள். பிறகு மெதுவாக, “என்னங்க, ஒத்தப்புள்ளையா வளர்ந்தவங்க இப்படித்தான் திடீர் திடீர்னு கலங்குவாங்களாம்” என்று என் தலையைத் தடவினாள். அந்தத் தடவலில்தான் எனக்கு முதுகு சில்லிட்டது.

தங்கையின் போன் நம்பரை அழுத்தினேன். அப்படி ஒரு நம்பரே இல்லை என்றது. என்னை நானே சமாதானப்படுத்திப் பத்து நாளை ஓட்டினேன். நாளுக்கு நாள் ஏதோ ஒன்று போயிற்று. ஒருநாள் அவள் சிரிப்பு. இன்னொரு நாள் அவள் எந்தப் பக்கம் வகிடு எடுப்பாள் என்பது.

பதினாலாம் நாள் காலை வக்கீல் சாரிடம் ஓடினேன்.

“சார், ஒரு மறுப்பு எப்ப உறுதியாகும்?”

“என்னய்யா மறுப்பு, நீயே கேக்குற? பதினஞ்சு நாளுக்குள்ள அவங்க எதிர்த்து எழுதலைன்னா நாம சொன்னதுதான் நின்னுச்சு.” ஃபைலைப் புரட்டினார். “ஆமா, இது யாருக்கு அனுப்பினது? பெறுநர் பேரு இருக்க வேண்டிய இடம் வெள்ளையா இருக்கே.”

நாளையோடு சரி. அப்புறம் எனக்குத் தங்கை இல்லை.

மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வார்த்தை என் நோட்டில் இல்லை. விரலுக்கும் அது பழக்கமில்லை. மூன்று தடவை அது தானாகவே ‘மறுக்கிறேன்’ என்று அடித்தது. ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன். பத்தி ஒன்று, ஒப்புக்கொள்கிறேன். கையில் சுருக்கென்றது, ஒரு பல் தழும்பு. இரண்டு, ஒப்புக்கொள்கிறேன், பின்னல் கோணல் என்பதையும் சேர்த்து. இன்னொரு பல். மூன்றில் குமாஸ்தா புத்தி கொஞ்சம் முரண்டு பிடித்தது. தழும்பைப் பார்த்தேன். பாதி வீடு அவளுடையது என்று அடித்தேன். மூன்றாவது பல்.

நான்காவதில், ‘வேலைப்பளு காரணமாக’ என்று ஆரம்பித்தேன். கை வழவழவென்றே இருந்தது. அடித்துப் பார்த்தேன், அழித்துப் பார்த்தேன். கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

நட்டநடு மத்தியானம். கதவு, சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது. வெயில் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே இருட்டு.

“யாருங்க?”

“நான்தான் பாப்பா. அண்ணன்.”

“எனக்கு அண்ணன் கிடையாதுங்க. எழுத்துலயே வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன்.”

அந்த ‘ங்க’ கடித்ததைவிட வலித்தது. காகிதத்தை இடுக்கில் நீட்டினேன். உள்ளே அது சரசரத்தது.

“மூணுக்குத்தான் பதில் இருக்கு. நாலாவது?”

“நீ காத்திருந்தது நிஜம். நான் வரலை, அதுவும் நிஜம். நீ முதல்ல கூப்பிடட்டும்னு வீம்பா வீட்டுல உட்கார்ந்திருந்தேன். இதுக்கு எதிரா சொல்ல என்கிட்ட ஒரு வார்த்தையும் இல்ல பாப்பா.”

இடது கையைச் சங்கிலிக்கு அடியில் உள்ளே விட்டேன்.

யாரோ பிடித்தார்கள். குளிர்ந்த கை, என் மணிக்கட்டைச் சுற்றக்கூட எட்டாத விரல்கள். நாலு வயதுப் பிள்ளையின் கை. பிறகு பல் பதிந்தது. அரிசி அரிசியாகப் பால்பற்கள். உயிர் போகிற கடி. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, எதிராளி செய்ததற்கு நான் எதுவும் செய்யவில்லை. கையை அப்படியே வைத்திருந்தேன்.

சங்கிலி கழன்றது. மூக்குக்கண்ணாடியும் நரைத்த தலையுமாக, இடது பக்க வகிட்டோடு, என் தங்கை நின்றாள். என் கையைத் திருப்பிப் பார்த்தாள். நான்கு பல்லும் புதிதாகச் சிவந்திருந்தன.

“வலிச்சுதாண்ணா?”

“இல்லையே” என்றேன். பழக்கதோஷம்.