தொண்டையில் ஒன்றுமில்லை

பசுவின் கத்தல் தெருமுனையிலேயே கேட்டது. தொண்டை கட்டிய ஆள் ஓலமிடுவது போல, கரகரவென்று, விட்டு விட்டு. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

பல வருஷம் பூட்டிக் கிடந்த கால்நடை ஆஸ்பத்திரிக்கு அந்த வருஷம்தான் ஒரு டாக்டரையும் ஒரு வண்டியையும் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டால் வருவார்கள் என்று நம்பவே ஜனங்களுக்கு நாளாயிற்று. அன்று கூப்பிட்டவள் டிரைவரின் தங்கை. அதுவும் புருஷனுக்குத் தெரியாமல்.

அவள் புருஷன் பால்காரன். ஊரில் அவனுக்குக் கடப்பாரை என்று பெயர். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவான். மாட்டை மட்டும் ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை.

கொட்டகை வாசலில் சட்டையில்லாமல் நின்றிருந்தான். வலது கையில் முழங்கை வரை எச்சில் காய்ந்து பளபளத்தது.

"உங்களை யாரு வரச் சொன்னது? தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு, தண்ணி இறங்கல. நானே எடுத்துடுவேன்."

"கைய உள்ள விட்டீங்களா?"

"விடாம இருப்பாங்களா? நேத்தும் விட்டேன், இன்னிக்கும் விட்டேன். ஒண்ணும் சிக்கல."

அவன் புறங்கையில் பல் கீறிய கோடுகள் சிவந்திருந்தன. பசுவின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. டாக்டரம்மா உள்ளே கால் வைக்கவில்லை.

"இதை நாய் கடிச்சுதா?"

வாசற்படியில் நின்ற அவன் மனைவிதான் சொன்னாள். "போன மாசம் ஒரு நாய் புகுந்து மூக்கைக் கவ்விடுச்சு. இவருதான் மண்வெட்டியால அடிச்சே கொன்னாரு."

"தொண்டையில ஒண்ணுமில்ல. வெறிநோய். மாடு பிழைக்காது. நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்கு வந்து..."

பேச்சு முடியவில்லை. பசு முளைக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. கடப்பாரையைச் சுவரோடு வைத்து முட்டியது. விலா எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் சரிந்து விழ, டிரைவர் உள்ளே பாய்ந்து கட்டையால் தீவனத் தொட்டியில் ஓங்கி ஓங்கி அடித்தார். பசு சத்தம் வந்த பக்கம் திரும்பியது. தங்கை ஓடிவந்து புருஷனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். டிரைவர் கொட்டகையின் பின்பக்க வேலியைத் தாண்டிக் குதிக்க, டாக்டரம்மா வாசல் படலை இழுத்துச் சாத்தினார்.

உள்ளே பசு சுவரை முட்டியது. கொம்பு ஒன்று அடியோடு ஒடிந்து ரத்தம் முகத்தில் வழிந்தது. வலி தெரிந்ததாகவே தோன்றவில்லை, மறுபடி முட்டியது. டாக்டரம்மா மயக்க ஊசியை நீளக் கழியின் நுனியில் பொருத்தி, படல் இடுக்கு வழியாகத் தொடையில் குத்தினார். கொஞ்ச நேரத்தில் முன்னங்கால் மடிந்தது. பிறகு உள்ளே போய்க் கழுத்து நரம்பில் கடைசி ஊசியைப் போட்டார். அதன் மூச்சு நிற்கும் வரை பக்கத்திலேயே முட்டி போட்டிருந்தார்.

அவர் வெளியே வந்தபோது கடப்பாரை எழுந்துவிட்டிருந்தான். பால் கேனைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தான்.

"கொன்னுட்டியேடி! வைத்தியம் பாக்கறேன்னு வந்து கொன்னுட்டியே!"

உதடு கிழிந்து முன்பல் ஒன்று தெறித்தது. அவன் இரண்டாம் முறை ஓங்கினான். டிரைவர் அவன் இடுப்பைக் கட்டித் தரையில் சாய்த்து, மாறி மாறிக் கன்னத்தில் அறைந்தார்.

"பொம்பளை மேல கை வைப்பியா? உன் உயிரைக் காப்பாத்த வந்தவங்கடா!"

"மச்சான், விடு! எனக்கு ஊசியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என் லட்சுமியே போயிட்டா."

டாக்டரம்மா ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சோப்பும் குடத்துத் தண்ணீரும் கேட்டார். திமிறியவனின் கையைத் தன் முழங்காலுக்கடியில் அமுக்கிக்கொண்டு கீறல்களைத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். அவன் மறு கையால் அவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவர் கழுவுவதை நிறுத்தவில்லை.

அப்போது மனைவி அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தன் உள்ளங்கையை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினாள். கட்டைவிரலடியில் நீளமாக ஒரு பல் கீறல்.

"நானும்தான் கைய விட்டேன். நீங்க பால் ஊத்தப் போயிருந்தப்போ. நீங்க பட்ற பாட்டைப் பாக்க முடியல."

கடப்பாரையின் பிடி தளர்ந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதல்ல இவளுக்குக் கழுவுங்க," என்றான்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரே பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊசி மருந்து காயத்துக்குள்ளேயே இறங்கியபோது கடப்பாரை பல்லைக் கடித்துக்கொண்டு மனைவியின் முகத்தைத்தான் கவனித்தான். டாக்டரம்மாவுக்கு உதட்டில் தையல் போட்டார்கள்.

புருஷன், பெண்டாட்டி இருவருமே தப்பித்தார்கள். கடப்பாரை டாக்டரம்மாவிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிரைவர் தங்கை வீட்டுப் படி ஏறுவதை விட்டுவிட்டார். ஆனால் ஊர் நாய்களுக்குத் தடுப்பூசி போட வண்டி வந்த அன்று, விலாவில் கட்டுப் போட்டபடியே கடப்பாரை தெருவில் இறங்கினான். கதவைத் திறக்காத வீடுகளை உதைத்துத் திறந்தான். நாயைத் தர மாட்டேன் என்ற பலசரக்குக் கடைக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"கைய எடுங்க," என்றார் டாக்டரம்மா, பல் போன ஓட்டையில் காற்று சீற. "நாயைப் பிடிங்க. மனுஷங்கள நான் பேசிக்கறேன்."

அவன் சட்டையை விட்டுவிட்டு நாயைப் பிடித்தான்.