வயிற்றுக்கு ஒரு விசில்

காலையில் நாலு தடவை போய்விட்டு வந்தும் கண்டக்டர் வேதமுத்துவுக்குத் தன் வயிற்றின் மேல் நம்பிக்கை வரவில்லை.

"கெளம்பலாமா வே?" என்றார் டிரைவர் மகாராஜன்.

"எடுங்க அண்ணாச்சி." ரெண்டு விசில் கொடுத்தார். கடையநல்லூர் பஸ் சங்கரன்கோவில் ஸ்டாண்டை விட்டு நகர்ந்தது.

இரண்டு வருஷமாக இதே பாடு. பாதி வழியில் வயிறு முறுக்கும். விசில் அடித்து வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு புதரைத் தேடி ஓட வேண்டும். போன வாரம் யாரோ புகார் சொல்ல, முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ ஒம்மால நடுவழியில வண்டி நின்னா, மறுநா வராதயும்."

நாற்பத்தாறு வயதில் இனி எந்த வண்டியில் ஏற?

ஸ்கேனில் ஒன்றுமில்லை. டியூப் விட்டுப் பார்த்ததிலும் ஒன்றுமில்லை. திருநெல்வேலி டாக்டர் ஹெலன்தான், "புண்ணு கிண்ணு இல்ல. மூளைக்கும் குடலுக்கும் ஒத்துப்போகல, அவ்வளவுதான்" என்று சொல்லி, ஹிப்னாடிச சிகிச்சைக்கு வாராவாரம் வரச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, "ஒரு ஆறு நிதானமா ஓடுது..." என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"எங்க ஊரு குருவிகுளம் பக்கம் ஆறு ஏதும்மா? ஓடைதான். வந்தா வெள்ளம், இல்லன்னா வெறும் மணலு."

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, நீங்க சொன்னா ஒடனே நிக்கிறது எது?"

"பஸ்ஸுதான்."

அன்றிலிருந்து வயிறு பஸ்ஸானது. உள்ளங்கையை வயிற்றில் வைத்து, மூச்சை மெல்ல விட்டு, பத்திலிருந்து கீழே எண்ண வேண்டும். ஒன்று வந்ததும், வண்டியை நிறுத்துகிற மாதிரி, மனசுக்குள் ஒரே விசில். ஏழு வாரம் ஆகிவிட்டது. சில நாள் வயிறு சொன்னதைக் கேட்டது. பல நாள் கேட்கவில்லை. "தேவலையா?" என்று மனைவி தேவமணி கேட்கும்போதெல்லாம் தலையாட்டி அலுத்துவிட்டது.

புளியங்குடி தாண்டியதும் முறுக்கியது. வேதமுத்து பின் படிக்கட்டுக் கம்பியில் சாய்ந்து கண்ணை மூடினார். பத்து... ஒன்பது... தோள் தளர்ந்தது. சத்தமெல்லாம் எங்கேயோ தள்ளிப் போனது. இரண்டு... ஒன்று.

வாயிலிருந்த விசில் நிஜமாகவே அடித்துவிட்டது.

எலுமிச்சைத் தோட்டத்துக்கு நடுவே பஸ் நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஆரம்பிச்சாச்சுடே!" என்றது ஒரு குரல்.

தினமும் வரும் ஷரீபா பீவி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "போயிட்டு வாங்க தம்பி. நாங்க எங்கன ஓடிரப் போறோம்?"

வேதமுத்து ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு நின்றார். வலி இருந்தது. ஆனால் அவசரம் இல்லை.

"எறங்கும் வே, சீக்கிரம்!"

"இல்ல அண்ணாச்சி. வேண்டாம்."

"வேண்டாம்னா எதுக்குவே விசில் அடிச்சீரு?"

பஸ்ஸே சிரித்தது. விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. ரெண்டு விசில் கொடுத்தார்.

சொக்கம்பட்டிக்கு முன்பே முதலாளியின் போன் வந்துவிட்டது. "நின்னுச்சாமே?"

ஆடு குறுக்கே வந்தது என்று சொல்லலாம். பொய் சொல்லவும் அலுப்பாக இருந்தது. "நின்னுச்சு மொதலாளி. நாந்தான் விசில் அடிச்சேன். ஆனா எறங்கல."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிசம்."

"போன தடவ இருவது நிமிசம்லா?"

"ஆமா."

"நாளைக்கும் வாரும். அந்த டாக்டரம்மாட்ட போறத விட்டுராதயும்."

சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. சொக்கம்பட்டியில் பதினைந்து பேர் ஏறினார்கள். வேதமுத்து, "டிக்கெட், டிக்கெட்" என்று முன்னால் நடந்தார்.