வானத்தில் ஒரு கவுளி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று என் வீட்டுக்காரி மெஹருன்னிசா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய். முட்டாள்தனத்தைப் பார்த்தால் மட்டும்தான் வரும். மதுரையில் அது கொஞ்சம் அடிக்கடி கண்ணில் படுகிறது, அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் 1938-ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்த முட்டாள்தனம் முழுக்க முழுக்க என்னுடையது. அதை ஒப்புக்கொண்டுவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

காஜிமார் தெருவில் எனக்கு ஒரு கடை. கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுவேன். ஒரு படலாந்தரும் வைத்திருந்தேன். சின்னக் கண்ணாடித் தகட்டில் உள்ள படத்தை உள்ளே செருகி விளக்கை ஏற்றினால், எதிரே கட்டிய வெள்ளைத் துணியில் யானை அளவுக்குத் தெரியும். அதைத் தேடித்தான் மலையாண்டி வாத்தியார் வந்தார். பூர்வீகம் இந்தப் பக்கம்தான் என்றாலும் மதராஸில் வளர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லித் தருகிறவர். கையில் வைக்கோல் பொதிந்த ஒரு பெட்டி. உள்ளே பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள், அமெரிக்காவில் ஒரு மலைமேல் இருக்கிற பெரிய தொலைநோக்கி பிடித்த படங்கள்.

"இதுக்கு நெபுலான்னு பேரு. ஒவ்வொண்ணும் கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த ஒரு ஊர் பாய். நாம இருக்கிறதும் அப்படி ஒரு ஊர்லதான். இதை மதுரைச் சனங்க பார்க்கணும்" என்றார். சொல்லும்போது அவர் மூக்குக்கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப்போயிற்று.

ராத்திரியில் எனக்குக் கல்யாண விளக்கு வேலை, பகலில்தான் காட்ட முடியும். பட்டப்பகலில் படம் காட்ட இருட்டான இடம் வேண்டும். ஜன்னலே இல்லாத கட்டடம் ஊரில் ஒன்றுதான் எனக்குத் தெரியும். என் மச்சான் பாதுஷாவின் வெற்றிலை மண்டி. மெஹருன்னிசாவின் அண்ணன் அவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மண்டியில் வேலை கிடையாது. கேட்டதும், "நம்ம மண்டியில வானமா? காட்டுங்க மாப்ள" என்று சிரித்தார். கூலியாட்களையும் இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தக் கூலியாட்களில் ஒருத்திதான் தங்கப்பொண்ணு. சோழவந்தானிலிருந்து தினமும் காலை ரயிலில் வருவாள். அவள் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. பிறந்ததிலிருந்து அடுத்தவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிய குடும்பம். மண்டியில் பதினோரு வருஷமாக அவளுக்கு அடுக்குகிற வேலை. தரம் பிரித்துப் போட்ட வெற்றிலையை நூறு நூறாக அடுக்கி வாழைநாரில் கட்ட வேண்டும். தரம் பிரிக்கிறவருக்கு மண்டியின் நடுவில் ஒரு மணை உண்டு. மணையில் உட்கார்ந்தவரை வரத்துக் குறைந்த மாசத்திலும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான், முதலாளியும் மறுத்துப் பேச மாட்டார். மணையில் இருந்த காசிமாயனுக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டதால் அது ஒரு மாசமாகக் காலி.

தங்கப்பொண்ணு நேராகப் போய் அந்த மணையைக் கேட்டாள். மச்சான் கோபப்படவில்லை, சிரித்தார். அதுதான் மோசம். "ஏத்தா, பொம்பளையாளுக நல்லா அடுக்குவீக. பிரிக்கிறதுக்கு வேற கண்ணு வேணும்" என்று சொல்லி, திண்டுக்கல்லிலிருந்து சங்கிலி என்கிற ஆளை வரவழைத்துவிட்டார். சனிக்கிழமை காலை அவன் மணை ஏறுவதாக ஏற்பாடு. இதெல்லாம் மண்டியில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் மச்சானிடம் வாயைத் திறக்கவில்லை. கோபக்காரன் என்று பெயர்தான், பெண்டாட்டியின் அண்ணனிடம் நான் பூனைக்குட்டி.

இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை சாயங்காலமே லாந்தரையும் பெட்டியையும் மண்டியில் கொண்டுபோய் இறக்கினேன். பெட்டியை எங்கே வைத்தேன் தெரியுமா? தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கு போட்டு மூடிய வெற்றிலைக் கூடைக்கு மேலே. மறுநாள் தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு வந்து, இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தால் தகடு ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு பூராவும் கழன்று அடியில் கூழாகக் கிடந்தது. எது எந்த வகை, எது முதல், எது கடைசி, ஒன்றும் தெரியாது. மூன்று மணிக்குக் கூட்டம்.

வாத்தியார் அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். "படம் வந்து மூணு நாள்தான் ஆகுது. சீட்டைப் பார்த்துப் பேசலாம்னு இருந்தேன் பாய். என் கண்ணுக்கு இதெல்லாம் வெள்ளை வெள்ளையாத்தான் தெரியுது" என்றார். எனக்கு என்மேலேயே வந்த கோபத்தில் லாந்தரை உதைத்தேன். கால்தான் வலித்தது.

வாசல் பக்கம் தூக்குச்சட்டியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த தங்கப்பொண்ணு எழுந்து வந்தாள்.

"என்ன பாய், ரெண்டு பேரும் மொகம் செத்துப்போயி ஒக்காந்திருக்கீக?"

"ஒங்க வெத்தல ஈரம் வாத்தியார் பொழப்பக் குடிச்சிருச்சு" என்றேன். தப்பு என்னுடையது என்று அப்போதும் வாயில் வரவில்லை.

வாத்தியார் விஷயத்தைச் சொன்னார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "குடுங்க, பாப்போம்" என்றாள்.

"கண்ணாடிம்மா, கைபட்டா அழுக்காகும்" என்று அவர் தயங்கினார்.

"ஓரத்துலதான்யா பிடிப்பேன். வெத்தலையவிடவா இது பதனம்?"

ஒவ்வொரு தகடாக வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பார்த்ததும் சாக்கின்மேல் வைத்தாள். யோசித்த மாதிரியே தெரியவில்லை. ஒரு தரம் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் ஆகியிருக்கும், பதினோரு தகடும் வரிசையாக இருந்தன. கையில் ஒன்று மிச்சம்.

"இந்த நாலும் வெறும் உருண்டை. மொதல்ல நல்ல வட்டம், பெறகு கொஞ்சங் கொஞ்சமா நீண்டு கடைசி படகு கணக்கா இருக்கு. அங்கிட்டு வச்சிருக்க மூணுக்கும் கை மொளச்சிருக்கு, சுத்திச் சுத்திப் போகுது. ஒண்ணுல கை இறுக்கமாச் சுத்தியிருக்கு, ஒண்ணுல அவுந்து கெடக்கு. இங்கிட்டு மூணுக்கும் கை உண்டு, ஆனா நடுவுல நரம்பு ஓடுது, அந்த நரம்பு நுனியிலதான் கை கெளம்புது. அதனால தனியா வச்சேன். இந்த ஒண்ணு எதுலயும் சேராது, பிஞ்சு போனது. கழிச்சுற வேண்டியதுதான்."

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். புத்தகத்தில் பார்த்து வரைந்துகொண்ட படம், கவட்டை மாதிரி. காம்பில் உருண்டைகள், வட்டத்திலிருந்து நீளம்வரை. ஒரு கிளையில் சுருள் வகை. மறு கிளையில் நடுவே பட்டை ஓடுகிற சுருள் வகை. எதிலும் சேராதது ஒன்று தனியே. சாக்கில் அவள் வைத்திருந்ததும் அதுவேதான். இதை வகைப்படுத்த எத்தனை வருஷம் ஆயிற்றோ, எத்தனை பேர் மண்டையை உடைத்தார்களோ, இங்கே கஞ்சி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டினேன்.

"கை மொளச்சதெல்லாம் கொழுந்து. உருண்டையெல்லாம் முத்தல்" என்றாள் அவள்.

"புத்தகத்துல உருண்டையைத்தான் முதல்னு போட்டிருக்கு" என்றார் வாத்தியார்.

"போட்டவுக கொடிக்கால் பாத்திருக்க மாட்டாக."

வாத்தியார் சிரித்தார். "இருக்கலாம்மா. எது முந்தினதுன்னு அவங்களும் இன்னும் அடிச்சுச் சொல்லலே." காகிதத்தின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார். கையில் மிஞ்சிய பன்னிரண்டாவது தகட்டை அவள் பார்ப்பதற்குள் மச்சானின் குரல் வாசலில் கேட்டது. அவள் சட்டென்று அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு மண்டி நிறைந்துவிட்டது. முன்வரிசையில் மச்சான், பக்கத்தில் சங்கிலி, புது வேட்டியில். கதவைச் சாத்தினேன், விளக்கை ஏற்றினேன். முதல் உருண்டை துணியில் விழுந்ததும் கூட்டத்தில் ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். வாத்தியார் மூங்கில் குச்சியை வைத்துக்கொண்டு வகை வகையாகச் சொன்னார். படம் ஒன்றுகூட மாறவில்லை. நரம்பு ஓடுகிற சுருள் வந்தபோது மச்சான் தொடையைத் தட்டி, "வாத்தியாரய்யா, என்னமாப் பிரிச்சிருக்கீக. ஒங்களுக்கு நம்ம காசிமாயனுக்கு அந்தக் காலத்துல இருந்த கண்ணு" என்றார். வாத்தியார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் லாந்தர் திரியைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பெட்டி நனைந்த கதையும் வெளியே வருமே.

கடைசித் தகட்டைச் செருகினேன். துணி முழுக்கப் பொட்டுப் பொட்டாக, ஒரே படத்தில் எத்தனையோ ஊர்கள்.

"இது ஒரு நெபுலா இல்லை. பல நெபுலாக்கள் பக்கம் பக்கமாகச் சேர்ந்திருக்கும் பிரபஞ்சத் திரட்சி" என்றார் வாத்தியார்.

யாருக்கும் புரியவில்லை. "தெரட்சின்னா?" என்று ஒருத்தர் கேட்டார். வாத்தியார் "சமூகம்" என்றார், "குழாம்" என்றார். கூட்டம் கொட்டாவி விட ஆரம்பித்தது. அப்போது பெண்கள் பக்கமிருந்து தங்கப்பொண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"கவுளி."

வாத்தியார் துள்ளி விலகினார். தோளைத் தட்டினார், தலையைத் தடவினார், குச்சியால் துணிக்குப் பின்னால் குத்தினார். "எங்கே? மேலே விழுந்துடுச்சா?" என்றார்.

மண்டியே குலுங்கிச் சிரித்தது. மதராஸ் மனுஷர் பல்லி என்று நினைத்துவிட்டார். சின்னப் பிள்ளையில் வெற்றிலை போட்டால் மாடு முட்டும் என்று அவர் அம்மா சொன்னதை முப்பது வயசுவரை காப்பாற்றி வந்தவர். நூறு வெற்றிலை சேர்ந்த கட்டுக்கும் கவுளி என்றுதான் பெயர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் படத்தையே பார்த்தார். "கவுளி" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். "ஆமாம், இது நெபுலாக் கவுளி. இதைவிட நல்ல பேர் இல்லை" என்றார். இப்போது கொட்டாவி விட்டவனெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மச்சானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "கவுளின்னா தரம் சொல்லணுமே. சங்கிலி, நீ சொல்லப்பா. இது எப்பேர்ப்பட்ட கவுளி?"

சங்கிலி கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "எல்லாம் ஒரே தரந்தான் மொதலாளி. வெள்ள வெள்ளையா இருக்கு."

"நான் சொல்லவா மொதலாளி?" தங்கப்பொண்ணு எழுந்துவிட்டாள்.  சனிக்கிழமைக்கு ஒரு ராத்திரிதான் பாக்கி என்பது அவளுக்கும் தெரியும். மச்சான் தலையை ஆட்டினார். அவள் துணிக்குப் பக்கத்தில் வந்து நின்று, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நூறுக்கு மேலயே இருக்கு. நடுவுல நெருக்கி வச்சதெல்லாம் உருண்டை, அம்புட்டும் முத்தல். கை மொளச்ச கொழுந்து அங்கொண்ணு இங்கொண்ணா ஓரத்துலதான் நிக்குது. இது ஏய்க்கிறவுக கட்டுன கவுளி மொதலாளி. வெளிய கொழுந்தக் காட்டி உள்ள முத்தலச் சொருகுனது."

நான் லாந்தரைத் திருகிப் படத்தை இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கினேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. சொன்ன பிறகு வேறு விதமாகப் பார்க்கவே முடியவில்லை.

"புத்தகத்துலயும் அதுதான் இருக்கு" என்றார் வாத்தியார் மெதுவாக. "நெருக்கமான கவுளியில பெரும்பாலும் உருண்டைதான். சுருள் வகை தனியா, ஒதுங்கித்தான் கிடைக்கும். ஏன்னு யாருக்கும் தெரியாது." பிறகு குச்சியைக் கீழே வைத்தார். "முதலாளி, இதுவரைக்கும் காட்டின பதினோரு படத்தையும் பிரிச்சது நான் இல்லை. இந்த அம்மாதான். சீட்டெல்லாம் நனைஞ்சு போச்சு."

"எப்புடி நனைஞ்சுச்சு?" என்றார் மச்சான்.

இனி ஒளிய இடமில்லை. "நான்தான் மச்சான். ஈரக்கூடை மேல பெட்டிய வச்சேன்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. அவர் பார்வை என்மேல் இல்லவே இல்லை, தங்கப்பொண்ணுமேல் இருந்தது.

அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. பதினோரு வருஷம் தன் கண்முன்னே இருந்ததைப் பார்க்காமல் விட்ட மனுஷனின் வெட்கம். அவர் எழுந்துபோய்க் கூடையிலிருந்து ஒரு கவுளியை எடுத்தார். மேலே கொட்டைப்பாக்கு இரண்டை வைத்தார். எங்கள் மண்டியில் ஒருவரை மணைக்கு அழைப்பது அப்படித்தான். வாய்ச்சொல் செல்லாது, இரண்டு கையாலும் வெற்றிலை பாக்கு கொடுத்தால்தான் செல்லும். இரண்டு கையாலும் நீட்டினார்.

"நாளைக்கு நீ மணைக்கு வரணும் தாயி. சங்கிலி கட்டு எண்ணட்டும்."

தங்கப்பொண்ணு பாக்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கவுளியை வாங்கவில்லை. அவர் கையில் இருந்தபடியே விளிம்பை விரலால் விரித்து ஓட்டிப் பார்த்தாள். நடுவிலிருந்து மூன்று இலையை உருவினாள்.

"இதுல மூணு முத்தல் கெடக்கு மொதலாளி. மாத்திக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

 மச்சான் அந்த மூன்று இலையையும் லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துவிட்டுக் கூடைக்குப் போய்ப் புதுக் கொழுந்து மூன்று எடுத்துவந்து சொருகிக் கொடுத்தார். அப்புறம்தான் அவள் வாங்கிக்கொண்டாள்.