செம்புச் சங்கிலி

மருதமுனையில் கலியாணக் கார்ட் அடித்துக் கொடுப்பது றஸ்னாவின் தொழில். அடித்த கார்ட்டில் ஒன்று தவறாமல் அவள் பெயருக்கே திரும்பி வரும். மாப்பிள்ளையின் பெயரைப் பிழையில்லாமல் போட்டவளை விருந்துக்குக் கூப்பிடாமல் விட யாருக்கும் மனம் வராது. அதனால் ஊரில் யாருக்குக் கலியாணம் என்றாலும் மண்டபக் கூச்சல் அவளுக்கு என்று ஆகிவிட்டது.

அதைத் தாங்க அவளிடம் ஒரு வழி இருந்தது. மேடையில் பாடுகிறவர்கள் காதுத் துவாரத்துக்குள் பொருத்திக்கொள்ளும் இன்-இயர் மொனிட்டர் ஒரு சோடி. கொழும்பில் பாண்ட் அடிக்கும் ஒருவர் பாவித்ததை வாங்கியிருந்தாள். அதைக் காதில் வைத்து முக்காட்டைச் சுற்றிக்கொண்டால் வெளியுலகம் பாதி செத்துப்போகும். அரபு நாட்டு ஊத் வாத்தியக்காரர் ஒருவர் அவளுக்காக மட்டும் நரம்பை மீட்டுவார்.

வயர்தான் சரியில்லை. முக்காட்டுத் துணி உரசும்போதெல்லாம், பன்பாயில் எலி ஓடுவது போல் காதுக்குள் சரசரத்தது. வியர்வையில் பச்சையும் பிடித்திருந்தது. கழற்றி மாற்றக்கூடிய வயர் என்பதால், புதிதாக ஒன்றை இணையத்தில் எடுப்பித்தாள்.

புருஷன் றாஸிக்கால் அதைச் சகிக்க முடியவில்லை. கல்முனையில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன் அவன்.

"வயர் யாவாரியிட பொண்டாட்டி தபால்ல வயர் எடுக்கிறா. இதை நான் ஆருக்கிட்டச் செல்லுற? கடையில சுருள் சுருளாக் கிடக்கே புள்ள."

"அது தண்ணி மோட்டருக்கு. இது காதுக்கு."

வந்த வயரைப் பார்த்ததும் அவனே கொஞ்சம் அடங்கிப்போனான். மெல்லிய செம்புக் கம்பிகளை எட்டுப் புரியாகப் பின்னி, கண்ணாடி போல உறையிட்டிருந்தார்கள். கையில் எடுத்தால் பட்டு நூல் போல வழுக்கியது. போட்டுப் பார்த்தாள். எலி ஓடவில்லை. நரம்பில் விரல் இழுபடும் ஓசைகூடத் தனியாகக் கேட்டது.

அந்தக் கிழமையே சாய்ந்தமருதில் ஒரு வலீமா விருந்து. றாஸிக் 'தாத்தா' என்று கூப்பிடும் அவன் அக்கா பஸ்லியா, பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். பஸ்லியா கதைக்கத் தொடங்கினால் வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டது போல. றஸ்னா இத்தனை வருடமாகப் பழகிவைத்திருந்த முறை ஒன்று உண்டு: மதினியின் வாய் நின்றதும் சிரித்துக்கொண்டு "ஓம்" என்பது. இதுவரை அது பிசகியதில்லை.

அன்றைக்கு முக்காடு சற்றுச் சரிந்து, பிடரியோரம் வயரின் செம்புப் பின்னல் பளிச்சென்று மின்னியது.

"புதுசாகா?" என்று கேட்டாள் பஸ்லியா.

றஸ்னாவுக்குக் கேட்டது ஊத் மட்டும். "ஓம்."

"றாஸிக் வாங்கித் தந்தானா?"

"ஓம்."

"மூணு பவுண் வருமா?"

"ஓம்" என்று றஸ்னா வழக்கத்தைவிட இனிமையாகச் சிரித்தாள். வாசிப்பு நல்ல இடத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் பகல், பஸ்லியாவின் புருஷன் மஜீட் முகம் வெளிறிப்போய்க் கடைக்கு வந்தான்.

"மச்சான், உன்ட பொண்டாட்டிக்கு நீ வாங்கு. நான் வேணாமெண்டு செல்லல்ல. ஊருக்குக் காட்டாம வாங்கேலாதா? ராவையில இருந்து என்ட ஊட்டில சோறு இல்ல."

"என்னத்த வாங்கின?"

"மூணு பவுண் சங்கிலி."

றாஸிக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். தனக்குத் தெரியாமல் மனைவி நகை எடுத்திருக்கிறாள் என்றே வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தான். றஸ்னா வயரைக் கழற்றி அவன் கையில் வைத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபம் மெல்ல இறங்கி, வேறொரு குணம் ஏறியது.

"காலையில மூணு பேர் கடைக்கு வந்து கை தந்திட்டுப் போனாங்க. எதுக்கெண்டு எனக்கு விளங்கல்ல. இப்பதான் விளங்குது. ரெண்டு நாளைக்குச் சும்மா இரி புள்ள. நாமளாப் பொய் செல்லல்லயே."

ரெண்டு நாள் கிடைக்கவில்லை. அன்று பின்னேரமே, அஸர் தொழுகை முடிந்த கையோடு பஸ்லியா வந்துவிட்டாள். பின்னால் மஜீட்.

"சங்கிலியை ஒருக்காத் தாகா. நகைப் பத்தரிட்டக் காட்டி இதே பின்னல்ல ஒண்டு செய்யணும்."

றஸ்னா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். வந்து ஒரு கிழமை ஆகாத வயரைப் பத்தர் குறட்டால் பிடிப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"மதினி, இது பவுண் இல்ல. செம்பு. காதில பாட்டுக் கேக்கிற வயர்."

"காட்ட மனமில்லாட்டி அதைச் செல்லு."

றஸ்னா வயரின் நுனியில் இருந்த காதுத் துண்டுகளை மதினியின் காதுகளில் பொருத்தி ஃபோனை அழுத்தினாள். பஸ்லியாவின் வாய் திறந்தபடி நின்றது. அப்படி அவள் பேசாமல் இருந்ததை மஜீட் பார்த்து நெடுநாளாகிவிட்டது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். வெகுநேரம் கழித்து அவள் காதிலிருந்து கழற்றினாள்.

"மண்டபத்தில இதையா கேட்டுக்கிட்டிருந்த?"

றஸ்னா தலையாட்டினாள்.

"அப்ப, பெருநாள் விருந்தில நான் அழுது அழுது சொன்னதெல்லாம்?"

றஸ்னாவுக்குக் காது சுட்டது. பொய் சொல்ல வாய் வரவில்லை. "அதுவும் கேக்கல்ல மதினி. இப்ப செல்லுங்க. காதில ஒண்டுமில்ல."

பஸ்லியா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மஜீட்டின் குறட்டையில் தொடங்கினாள். அது மில்லில் நெல் குத்துவது போல் இருக்குமாம். தாங்க முடியாமல் தான் குசினியில் பாய் விரித்துப் படுப்பதாகவும், பூனை ஒன்று காலைச் சுரண்டுவதாகவும், இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லாமல் றஸ்னாவிடம் மட்டும் சொன்னதாகவும் சொன்னாள். மஜீட்டும் றாஸிக்கும் மெதுவாக எழும்பி, கேற்றுப் பக்கம் போய் நின்றார்கள். பூனை வந்த இடத்தில் றஸ்னாவுக்குச் சிரிப்பு வெடித்தது. முறைத்துப் பார்த்த பஸ்லியாவும் கொஞ்ச நேரத்தில் சேர்ந்து சிரித்தாள். இவ்வளவு நல்ல கதைகளையா இத்தனை வருடமும் விட்டுவிட்டோம் என்று றஸ்னாவுக்குக் கவலையாகக்கூட இருந்தது.

"இதைக் காதில வெச்சா குறட்டை கேக்குமா?"

"பக்கத்தில மில் ஓடினாலும் கேக்காது மதினி."

கேற்றடியில் நின்ற மஜீட்டைக் கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு சோடி எடுக்கும் விலையைக் கேட்டதும் அவன் மூன்று பவுணை மனதுக்குள் நினைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று அங்கேயே காசை எண்ணினான். வயர் மட்டும் வெள்ளி நிறத்தில் வேண்டும் என்றாள் பஸ்லியா. பொன் நிறமென்றால் தம்பி பொண்டாட்டியைப் பார்த்துப் பழகுகிறாள் என்று சொல்லிவிடுவார்களாம்.

சாமான் வந்து நாலாம் நாள் காலையில், றஸ்னா கார்ட் ஒன்றில் மணமகள் பெயரைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது.

"றஸ்னா, ராவு நல்ல நித்திரை. பூனையுமில்ல. ஆனா நீ தந்த அந்தப் பாட்டில, வாசிக்கிற மனிசன் நடுவில ரெண்டு தரம் மூக்கை உறிஞ்சிறான். கவனிச்சயா?"

றஸ்னா இத்தனை நாள் கேட்டும் கவனித்ததில்லை. அப்போதே போட்டுக் கேட்டாள். உண்மைதான்.

"நல்ல தடிமன் பிடிச்சிரிக்கி" என்றாள் பஸ்லியா வருத்தத்தோடு. "கொத்தமல்லி அவிச்சுக் குடுக்க அந்த ஊட்டில ஒரு ஆளில்லையாகா."