இணைச்சீருக்கு ஒரு கேமரா பெல்ட்

அன்று செவ்வாய்க்கிழமை. முகூர்த்தமும் இல்லை, கோயில் நோம்பியும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு பட்டப்பகலில், கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையும் அதே நிறப் பட்டு ஜாக்கெட்டும் உடுத்திக்கொண்டு, சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு கேமரா கடைக்குள் சத்யபிரியா நுழைந்தாள். பின்னாலேயே அவள் தம்பி சிவக்குமார், நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளையில் எடுத்த கல்யாணச் சேலைப் பைகளைச் சுமந்துகொண்டு, இந்தப் பெண்மணியை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற முகத்தோடு வந்தான்.

கடைக்காரர் ஜெயபிரகாஷ் எழுந்தே நின்றுவிட்டார். "வாங்க மேடம். மண்டபத்துல இருந்து நேரா வர்றீங்களா?"

"மண்டபத்துக்கு இன்னும் நாள் இருக்குதுங்க. கேமராவுக்கு ஒரு பெல்ட்டு வேணும். பட்டுச்சேல மேல வழுக்காத பெல்ட்டு. மேல போட்டுப் பாத்தாத்தானுங்க தெரியும்? அதான் கட்டிட்டே வந்துட்டேன்."

"செருப்புக் கடைக்குக் கால எடுத்துட்டுப் போற மாதிரிங்க," என்றான் சிவா.

சிரிப்பதற்கு அவனுக்கென்ன. அடி வாங்கியது சத்யபிரியாவின் கேமரா அல்லவா! நாமகிரிப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசி ஆலை அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், போன தீபாவளிக்கு அவள் தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. உள்ளங்கையில் அடங்கும், ஒரு சொம்புத் தண்ணீர் கனம்கூட இருக்காது. அந்தக் கனமின்மைதான் வினை. கனத்த கேமரா என்றால் பெல்ட்டைத் தோளில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இது காற்றுக்கே ஆடியது. மாரியம்மன் நோம்பியன்று பட்டுச்சேலையோடு பொங்கல் பானையைக் கிண்டக் குனிந்தாள். பெல்ட் பட்டுத் தோளில் சறுக்கி, கேமரா பானைக்கு ஒரு சாண் தள்ளி, பொடித்து வைத்திருந்த வெல்லத் தட்டில் தலைகுப்புற விழுந்தது. பானையில் விழாதது ஆத்தா புண்ணியம். ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் எதைப் படமெடுத்தாலும் கூடவே எறும்பும் வந்தது.

சரி, பட்டுச்சேலை கட்டும் நாளில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் என்ன? போகலாம்தான். ஆனால் வரப்போவது சிவாவின் கல்யாணம், அவள்தான் இணைச்சீர்க்காரி.

தாலி கட்டுமுன் மாப்பிள்ளையும் உடன்பிறந்தவளும் அருகருகே அமர்ந்து செய்யும் சீர் அது. மடித்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவன் பிடித்திருப்பான், மறு தலைப்பு அவள் கக்கத்தில் இருக்கும். உனக்கு ஒருத்தி வந்தாலும் எனக்கும் உனக்கும் அறுந்துபோகாது என்பதை வாயால் சொல்லாமல் துணியால் சொல்லும் நேரம். அந்த நேரத்தில் தம்பி தன்னை ஒரு முறையாவது திரும்பிப் பார்ப்பான் என்று சத்யபிரியாவுக்குத் தெரியும். அந்த முகம் அவளுக்கு வேண்டும்.

வேறு யாராவது எடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. சிவா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வருடத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுகிறவன். அவனுக்கு இரண்டு முகம் உண்டு. கேமராவைக் கண்டால் ஆதார் அட்டையில் இருக்கிற முகம். அக்காவைக் கண்டால் மட்டும் வருகிற முகம் ஒன்று. இரண்டாவதை யாருமே படமெடுத்ததில்லை. அது அவளுக்கு நேரே மட்டும் வரும், சட்டென்று போய்விடும். கல்யாணம் முடிந்த கையோடு அவன் மறுபடி வண்டி ஏறிவிடுவான்.

இதற்கு அவர்களின் அத்தை ராமாயி சம்மதிக்கவில்லை. இறந்துபோன அப்பாவின் ஒரே தங்கை அவர். சீர் சடங்கு என்றால் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இணைச்சீர்க்காரி கழுத்துல தாலி தொங்கோணும், சங்கிலி தொங்கோணும். மாட்டுக்கு மணி கட்டுனாப்பல இதென்ன அம்மிணி? எங்கண்ணன் கல்யாணத்துல நாந்தான் இணைச்சீர்க்காரி. அன்னைக்குச் சீரு நேரத்துல போட்டாக்காரன் பந்தியில போயி உக்காந்துட்டான். ஒத்தப் போட்டா இல்ல. அதனால என்ன கெட்டுப்போச்சு? நான் உசுரோட இல்லியா?"

இதைச் சொன்ன பிறகு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகவேகமாக வெங்காயம் உரித்தார். ஆனாலும் சத்யபிரியா பெல்ட் வாங்குவதை விடவில்லை.

ஜெயபிரகாஷ் முதலில் தோல் பெல்ட் ஒன்றை எடுத்து வைத்தார். பார்க்க ராஜா வீட்டுப் பொருள். போட்டுக்கொண்டு அவள் குனிந்து நிமிர்ந்தாள். அது பட்டில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அடுத்தது அடியில் ரப்பர் வைத்த, மெத்தை போன்ற அகல பெல்ட். கெட்டியாகப் பிடித்தது. பிடித்த பிடியில் சேலை ஜரிகையையும் சேர்த்து இழுத்தது. "பள்ளிக்கூடப் பை மாதிரி இருக்குது," என்றான் சிவா. மணிக்கட்டில் மாட்டும் சின்ன வார் ஒன்று காட்டினார். சீர்த்தட்டம் பிடிக்க வேண்டிய கையில் அது எப்படி? கேமராவின் அடியில் திருகி மாட்டுகிற, இரும்புக் கொக்கி வைத்த ஒன்றும் வந்தது. கொக்கியைப் பார்த்ததுமே அவள் முந்தானையைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க வண்டியில பைப்பு தூக்கற பெல்ட்டு ஒண்ணு இருக்குதுக்கா. யானைய மாட்டுனாலும் அறாது."

"மாட்டிட்டு நான் எந்திரிக்கோணுமல்லோ? சும்மா நில்லு."

கடைக்கு வந்த இன்னொருவர், வந்த காரியத்தை மறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். சத்யபிரியா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், எழுந்தாள், இல்லாத தட்டத்தை ஏந்தினாள், கடைக்குள்ளேயே யார் காலிலோ விழுவதுபோலக் குனிந்தாள். ஜெயபிரகாஷுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. உள்ளே போய், யாரும் கேட்காமல் கிடந்த ஒன்றைத் தேடி எடுத்து வந்தார்.

இரண்டு விரல் அகலத்தில் பருத்தி நாடா. மிருதுவான நெசவு. உடம்பில் படுகிற இடத்தில் இரும்பே இல்லை. இரண்டு முனையும் கெட்டி நூல் வளையமாகக் கேமராவில் கோத்துக்கொண்டது. நடுவில் ஒரு பிடி. அதை இழுத்தால் ஒரே இழுப்பில் நீளும், திருப்பி இழுத்தால் குறுகும். வலது தோளிலிருந்து குறுக்காகப் போட்டுக்கொண்டாள். கேமரா இடது இடுப்பில் பூனைக்குட்டிபோல ஒட்டிக்கொண்டது. பருத்தி பட்டைக் கடிக்கவும் இல்லை, முழுக்க வழுக்கவும் இல்லை. கொஞ்சமாகக் கழுத்துப் பக்கம் நகர்ந்தது.

"இதுதானுங்க," என்றாள். "அந்தக் கொஞ்சத்த நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டது எப்படி என்றால், ஊர் தையல்காரி கோகிலவாணியிடம் போனாள். ஜாக்கெட்டின் உள்ளே, உள்ளாடைப் பட்டை நழுவாமல் இருக்கத் தோளில் ஒரு சின்னத் துணிப் பட்டியும் அழுத்துப் பொத்தானும் வைப்பார்கள் அல்லவா, அதையே வலது தோளின் வெளியே வைக்கச் சொன்னாள். கோகிலவாணி ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் வைத்துக் கொடுத்தாள். பெல்ட்டைப் பட்டிக்குள் விட்டுப் பொத்தானை அழுத்தினால், குதித்தாலும் அசையவில்லை.

மிச்சம் இருந்தது ஒத்திகை. அத்தைக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். மாமா மகள் ஒருத்தி தன் அண்ணன் கல்யாணத்தில் அக்கா செய்த இணைச்சீரைக் கைப்பேசியால் பிடித்து அனுப்பியிருந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். துணித்தலைப்பு இடது கக்கத்தில். வீடியோவில் வலது கையில் இருந்த தட்டத்தையும் இடது கைக்கே மாற்றிக்கொண்டாள், வலது கை காலி. கேமராவை எடுக்க, அழுத்த, விட. நான்கு நாளில் கண்ணை மூடிக்கொண்டே வந்துவிட்டது.

கல்யாண நாளும் வந்தது. தோளில் பெல்ட்டோடு மணவறைக்கு வந்த சத்யபிரியாவை ராமாயி அத்தை மேலும் கீழும் பார்த்தார். சபை நடுவில் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். சீர் நடத்தும் அருமைக்காரர் கூறைச்சேலையை மடித்து ஒரு தலைப்பைச் சிவாவின் கையில் கொடுத்தார். தட்டத்தை அவளுடைய இடது கையில் வைத்தார். மறு தலைப்போடு வந்தார்.

"சோத்தாங்கையத் தூக்கு அம்மிணி."

"வலது கையிங்களா?"

"பின்ன, சீரு பீச்சாங்கையிலயா?"

தலைப்பு வலது கக்கத்தில் ஏறியது. அவளுக்குப் பொறி தட்டியது. அந்த மாமா மகள்! தன் முகமும் படத்தில் விழ வேண்டும் என்று கைப்பேசியைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியில் பார்ப்பதுபோல எடுத்த வீடியோ அது. அதில் இடதெல்லாம் வலது, வலதெல்லாம் இடது. கேமரா வாங்கி ஒரு வருடம் படமெடுத்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே! கதவைச் சாத்தாமல் பழகியிருந்தால் அத்தையாவது திட்டித் திருத்தியிருப்பார்.

முழங்கையை லேசாக மடித்துப் பார்த்தாள். தலைப்பு நழுவப் பார்த்தது. அப்படியே இறுக்கிக்கொண்டாள். இணைச்சீர்த் துணி கீழே விழுந்தால் அதைப் பற்றி ஊர் மூன்று தலைமுறைக்குப் பேசும். இடது கையில் தட்டம். இடுப்பில் கேமரா, சொன்ன சொல் கேட்டு, அசையாமல், வழுக்காமல். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய பெல்ட்டைக் கண்ணால் பார்க்க மட்டும்தான் முடிந்தது.

கூலிக்கு வந்திருந்த போட்டாக்காரர்களை நிமிர்ந்து தேடினாள். ஒருவரும் இல்லை. எல்லோரும் பெண்ணின் அறையில் ரீல்ஸ் எடுக்கப் போயிருந்தார்கள்.

"ஏன் அம்மிணி மூஞ்சி இப்புடிப் போகுது?" பின்னால் நின்ற ராமாயி அத்தை குனிந்தார்.

"கையி மாட்டிக்கிச்சுங்கத்தே. எடுக்க முடியாது. போட்டாக்காரங்களையும் காணோம்."

போட்டாக்காரர்கள் நிற்க வேண்டிய காலி இடத்தை அத்தை பார்த்தார்.

"அன்னைக்கும் இப்புடித்தான் போனான்," என்றார். பிறகு சட்டென்று கையை நீட்டினார். "அந்தத் தட்டத்தக் குடு. நானும் இணைச்சீர்க்காரிதான். ஒரு நாழி நான் புடிச்சா ஆகாதுன்னு எவன் சொல்லுவான்?"

அருமைக்காரர் வாயைத் திறந்தார். அத்தையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

இடது கை வந்துவிட்டது. ஆனால் அழுத்தும் பொத்தான் கேமராவின் வலது பக்கத்தில் அல்லவா இருக்கிறது! சத்யபிரியா ஒரு கணம்தான் யோசித்தாள். பெல்ட்டின் பிடியை இழுத்தாள், நீண்டது. கேமராவை அப்படியே தலைகீழாகத் திருப்பினாள். இப்போது பொத்தான் இடது கைக்கு வந்தது. வேறு நாளாக இருந்தால் ஒற்றைக் கையில், அதுவும் பழகாத கையில், தலைகீழாகப் பிடிக்க அவளுக்குத் துணிச்சல் வந்திருக்காது. இன்று கை தவறினாலும் தோள் விடாது. வெல்லத் தட்டு பயம் இல்லை.

கையை நீட்டித் தம்பிக்கு நேரே பிடித்தாள். தலைகீழான கேமராவைக் கண்டதும் சிவாவுக்கு ஆதார் முகம் வரவே இல்லை. அக்காவைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், மறுபடி அக்காவைப் பார்த்தான். சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. அவள் அழுத்தினாள்.

மாலையில் கூட்டம் வடிந்த பிறகு, ராமாயி அத்தை ஒன்றும் தெரியாதவர்போல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "ஊட்டுக்குக் கெளம்பறேன். அதுல என்னமோ எடுத்தியே, உழுந்துச்சா?"

சத்யபிரியா படத்தைத் திரையில் வரவழைத்துக் காட்டினாள். தலைகீழாக இருந்ததால் கேமராவை அத்தையே வாங்கித் திருப்பிப் பிடித்தார். பெல்ட் இன்னும் சத்யபிரியாவின் தோளில் இருந்ததால் இருவரும் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. கீழ் மூலையில் கூறைச்சேலையின் மடிப்பு. நடுவில் சிவாவின் முகம், இதுவரை யாரும் படமெடுக்காத முகம்.

அத்தை தட்டத்தைக் கேட்டு நீட்டிய அந்தக் கையால் திரையை ஒரு முறை துடைத்தார்.

"எங்கண்ணன் அன்னைக்கு இதே மாதிரிதான் என்னயத் திரும்பிப் பாத்துச்சு, சாமி," என்றார். "யாருகிட்டச் சொன்னாலும் நம்பமாட்டாங்கன்னு நான் சொன்னதே இல்ல."

சத்யபிரியா பெல்ட்டை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டாள், அத்தை வசதியாகப் பார்க்கட்டும் என்று.